லண்டன் ராகுகாலம்

"அம்மா, இனி லண்டனுக்குச் சும்மா பாஸ்போட்டைத் தூக்கிக்கொண்டு போகேலாது. முதலே போனில ஈ.டி.ஏ எண்டு ஒரு அனுமதி எடுக்கவேணும். இல்லாட்டி பிளேனில ஏத்தாங்கள்."

"எங்களுக்கு ஏன் பிள்ளை? நாங்கள் டெனிஷ் பாஸ்போட்டெல்லோ?"

"டெனிஷ் பாஸ்போட் எண்டபடியாத்தான் விசா கேக்கிறாங்கள் இல்லை, இதோட விடுறாங்கள். நான் வந்து போட்டுத் தரட்டோ?"

"வேண்டாம் வேண்டாம். அப்பா போடுவார்."

"சரி." மேனுஜா போனை வைக்கவில்லை. "வேற ஒண்டும் கேக்க இல்லையோ, அம்மா?"

"இல்லைப் பிள்ளை. நேரத்துக்குச் சாப்பிடு."

மாசி மாதத்தில் மகளோடு கதைத்த இந்தக் கதை, சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, டென்மார்க்கின் பில்லுண்ட் விமான நிலையத்தில் ராசமலருக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் வந்தது. கவுண்டரில் இருந்த பெண் இரண்டு பாஸ்போட்டையும் இரண்டாம் முறை வைத்துப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னாள்: "உங்கள் இருவருக்கும் ஈ.டி.ஏ காட்டவில்லை."

"போட்டாச்சு," என்றார் ராசமலரின் புருஷன் பாலேந்திரா. ஹேர்னிங் துணி ஆலையில் முப்பது வருடம் மேற்பார்வை பார்த்த குரல் அது. போனை எடுத்துத் திறந்து, அவளுக்கு நேரே நீட்டினார்.

அவள் பார்த்துவிட்டுப் போனை மெதுவாக அவர் பக்கம் திருப்பினாள். அவருடைய படமும் ராசமலருடைய படமும் திரையில் இருந்தன. அவற்றுக்குக் கீழே, அனுப்பும் பொத்தான் இன்னும் அழுத்தப்படாமல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் எல்லாவற்றையும் நிரப்பி முடித்து அவர் விரலை வைக்கப்போன நேரம், ராசமலர்தான் குசினியிலிருந்து ஓடிவந்தாள். "பொறுங்கோ, ராகுகாலம்!"

"எந்த ஊர் ராகு? உது லண்டன் கடைக்காரன் தந்த கலண்டர். இஞ்சத்த ராகு ஒரு மணித்தியாலம் முந்தி வேலை முடிச்சு வீட்ட போயிட்டான்."

"உது லண்டனுக்கெல்லோ போகுது? அப்ப லண்டன் ராகுதான் கணக்கு."

அவர் சிரித்துக்கொண்டே போனைக் கலண்டருக்குக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து அவருடைய தங்கை தங்கமலர் போன் எடுத்தாள். அவளுடைய மகளுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை கலியாணம். புருஷன் இல்லாதவள். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க அண்ணனும் அண்ணியும் சோடியாக நிற்கவேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லி வந்தவள். கூறைச்சேலையின் கரை, ஐயர் வரும் நேரம், பந்தி என்று கதை நீண்டது. ராகு போனது. போனை எடுத்து அழுத்தியிருப்பார் என்று இவள் நினைத்தாள். அழுத்தியாயிற்று என்று அவர் நினைத்தார்.

"என்ன பாலேந்திரா அண்ணை, ஏதும் கரைச்சலோ?"

பின்னால் வரிசையில், அதே விமானத்துக்கு வந்த எஸ்பியர்க் நகரத்துச் செல்வரட்ணம். போன கிழமைதான் தமிழ்க் கடையில் பாலேந்திரா அவருக்கு ஈ.டி.ஏ போடுவது பற்றி வகுப்பெடுத்திருந்தார்: 'உதென்ன பெரிய வேலையே? எனக்கு அஞ்சு நிமிசம்.'

"ஒண்டுமில்லை, இவையின்ர சிஸ்டம் பிழை," என்றார் பாலேந்திரா.

ராசமலர் தரையைப் பார்த்தாள். செல்வரட்ணம் நல்ல மனிதர். மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கூசியது.

ஓரமாகப் போய் மறுபடி முயன்றார்கள். நேரம் கடந்துவிட்டதால் போன் முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. பாஸ்போட்டை மேசையில் வைத்து அதன்மேல் போனைப் பிடிக்கவேண்டும், ஆடக்கூடாது. அவருக்கு ஒருமுறையும் சரிவரவில்லை. செல்வரட்ணமும் மனைவியும் கையசைத்துவிட்டு உள்ளே போனார்கள். கவுண்டர் பூட்டியது. நாளைக் காலை விமானத்துக்கு மாற்றித் தரலாம், ஆனால் அனுமதி வந்திருக்கவேண்டும்; சிலருக்கு உடனே வருகிறது, சிலருக்கு நாட்கள் எடுக்கிறது என்றாள் அந்தப் பெண்.

"மேனுஜாவுக்கு எடுக்கட்டோ?" என்று ராசமலர் கேட்டாள்.

அவர் போனை அவளுடைய கையில் வைத்துவிட்டு, பெட்டிகளைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

மேனுஜா ஓகூஸ் நகர ஆஸ்பத்திரியில் தாதி. நாலு வருடமாக யெப்ப என்ற டெனிஷ்காரனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். ஒருமுறை ஹேர்னிங் வீட்டுக்குப் பூங்கொத்தோடு வந்தான். பாலேந்திரா அவனை வரவேற்பறையில் இருத்தி வானிலை கதைத்து அனுப்பினார். அதன்பிறகு அவன் பெயரை அந்த வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. கலியாணத்துக்கு மேனுஜாவும் வருவாளோ என்று தங்கமலர் கேட்டபோது, "அவளுக்கு லீவு இல்லையாம், மச்சாள்," என்று சொன்னது ராசமலர்தான். மகளிடம் லீவு இருக்கிறதா என்று அவள் கேட்டதே இல்லை.

ராசமலர் போன் எடுத்து ஒன்றரை மணித்தியாலத்தில் மேனுஜாவும் யெப்பவும் காரில் வந்து இறங்கினார்கள். மேனுஜா தாயைக் கட்டிப்பிடித்தாள்.

"அனுப்ப மறந்திட்டியளோ?"

"ராகுகாலம் பிள்ளை," என்றாள் ராசமலர்.

மேனுஜா அதை டேனிஷில் யெப்பவுக்குச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப ஓக்கேயா?" என்று தமிழில் கேட்டான்.

ராசமலர் கணக்குப் பார்த்தாள். "ஓம் தம்பி. இப்ப நல்ல நேரம்."

விமான நிலையக் கோப்பிக் கடையில் இருந்தார்கள். யெப்ப பாஸ்போட்டில் போனை வைத்தான், ஒரே தரத்தில் பிடித்தது. அடுத்தது முகம். போனைப் பாலேந்திராவின் முகத்துக்கு நேரே பிடித்தான். அவர் கண்ணை அங்கும் இங்கும் ஓட்டினார். போன் ஒவ்வொரு முறையும் மறுத்தது.

"நேரா பாருங்கோ, மாமா. சிரிக்கக் கூடாது."

மாமா என்ற சொல்லுக்குப் பாலேந்திரா நிமிர்ந்தார். போனுக்கு மேலே அவனுடைய கண்கள் இருந்தன. நாலு வருடத்தில் முதல்தடவையாக அவர் அந்தப் பிள்ளையை நேரே பார்த்தார். போன் ஏற்றுக்கொண்டது.

"ஆர் சொல்லிக் குடுத்தது, மாமா எண்டு?"

"நான் இல்லை," என்றாள் மேனுஜா. "அவரா யூடியூப்பில பாத்துப் பழகினது. 'சித்தப்பா' எண்டும் சொல்லத் தெரியும், ஆனா அப்பிடிக் கூப்பிட ஆள் இல்லை."

ராசமலரின் முகமும் பதிந்தது. யெப்ப போனை நீட்டினான். பாலேந்திரா அவரே பொத்தானை அழுத்தினார். இனிக் காத்திருக்க வேண்டியதுதான். என்ன கதைப்பதென்று தெரியாமல் அவர் டேனிஷில் கேட்டார்: "உனக்கு இது நல்லாத் தெரியுதே. முதலும் செய்திருக்கிறியோ?"

"ஓம், மாசி மாதம். எங்கள் இருவருக்கும். உடனே வந்துவிட்டது. இரண்டு வருடம் செல்லும்."

"எங்க போக?"

யெப்ப மேனுஜாவைப் பார்த்தான். அவள் கோப்பிக் கோப்பையை மேசையில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"கூப்பிடுவியள் எண்டு நினைச்சம், அப்பா. கூப்பிட்டா ஆயத்தமா இருக்கவேணும் எண்டு."

ராசமலருக்குக் காது சுட்டது. 'வேற ஒண்டும் கேக்க இல்லையோ, அம்மா?' அந்தக் கேள்விக்கு அவள் சாப்பிடச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மணவறையில் தண்ணீர்ச் செம்போடு நின்று இன்னொருத்தியின் பிள்ளையைக் கைபிடித்துக் கொடுக்கப்போகிறவள். தன் பிள்ளையையோ, ஊருக்கு லீவு இல்லாதவளாக ஆக்கிவைத்திருந்தாள்.

போன் சத்தம் போட்டது. யெப்ப பார்த்தான். "வந்திட்டுது. ரெண்டு பேருக்கும்."

ஒருவரும் சந்தோசப்படவில்லை. பாலேந்திரா மேசையில் கிடந்த சீனிப் பக்கெட்டைக் கசக்கிக்கொண்டு தலை குனிந்திருந்தார். அவர் முதலில் சொல்லுவார் என்று இத்தனை வருடமும் பார்த்திருந்த ராசமலர், இன்றைக்கும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு அவருடைய கையைப் பிடித்து அந்தப் பக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இஞ்சருங்கோ, கனகாலமாக் கேக்க வேணுமெண்டு இருக்கிறன்," என்றாள். "மச்சாளுக்குப் போன் எடுங்கோ. மகளும் மருமகனும் எங்களோட வருகினம் எண்டு சொல்லுங்கோ."