தாட்சாயிணி விட்ட பரிகார மீன்

புருஷன் கங்காதரனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். தாட்சாயிணிக்கு வேறு நினைப்பே இல்லை. பழவேற்காட்டுப் பறவைகள் சரணாலயத்தில் அவன் வருடக்கணக்காகத் தற்காலிகக் காவலன். ஆறு கடலில் சேரும் இடத்தில் உயிர்மீன் விட்டால் காரியம் ஆகும் என்று ஆவடி ஜோசியர் சொன்னதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பரிகார மீன் வழியிலேயே செத்தால் பாவம் அல்லவா? கரையான்சாவடிக் கடையில், லேசில் சாகாத மீனாகக் கேட்டாள். தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் விரல்நீளக் கறுப்பு மீன்களைக் கொடுத்தார்கள். விலை கொடுத்து வினை வாங்கினாள் மகராசி. யார் யாரோ ஏரியில் விட்ட அந்த மீன்தான் முழநீளம் வளர்ந்து, வெள்ளத்தோடு ஆற்றில் இறங்கி, முகத்துவாரத்தில் வலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து ஒழிப்பதுதான் கங்காதரனுக்கு இப்போது வேலையே. வீட்டில் புலம்பியும் இருக்கிறான். ஆனால் அவன் சொன்ன அரக்கனும் இந்தக் குஞ்சும் ஒன்று என்று யாருக்குத் தோன்றும்?

வெளியே சொன்னால் பரிகாரம் பலிக்காதாம். அவனிடமும் மூச்சு விடாமல், மூடி போட்ட பக்கெட்டோடு அண்ணனூரில் ரயில் ஏறினாள். குழம்புக்கா என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டபோது, சாமிக்கு என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தாள்.

ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்ச் சேர்ந்த பழவேற்காட்டு முகத்துவாரத்தில் நல்ல வெயில். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பக்கெட் மூடியைத் திறந்தாள். விசில் சத்தம் கேட்டது. ஒரு காவலன் ஓடி வந்து பக்கெட்டைப் பிடுங்க, துப்பட்டா நழுவியது. பிடுங்கியவன் கங்காதரன். பின்னாலேயே அதிகாரி எவாஞ்சலின். நிரந்தரத்துக்குப் பரிந்துரை எழுத வேண்டியவர், அன்றைக்கென்று பார்வையிட வந்திருந்தார்.

அதிகாரி பேரைக் கேட்டார், சொன்னாள். ஊரைக் கேட்டார், பருத்திப்பட்டு என்றாள். புருஷன் பேர்? சொன்னால் அவன் வேலைக்கே உலை. வீட்டில் நாளைக்கு நூறு தடவை 'டேய் கங்கா' என்று அதட்டுகிறவள், பதிவிரதையாகத் தலையைக் குனிந்தாள்.

"புருசன் பேர வாயால சொல்லக்கூடாதுங்க மேடம். எங்க வழக்கம்."

எழுதிக் காட்டச் சொன்னார். எழுதவும் கூடாது என்றாள். பேசிவிடாதே என்று கங்காதரனைக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"கங்காதரன், மேடம். நான்தான். இவ என் பொண்டாட்டி."

எவாஞ்சலின் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்குகள் எழும்பிப் போயின. மீன் தண்ணீருக்குள் போகாததால் அவளைக் கண்டித்ததோடு விட்டார். கட்டின பொண்டாட்டியையே பிடித்து, ஒளிக்காமல் சொல்கிறவனை விட்டால் வேறு யாரை நிரந்தரமாக்குவது, பரிந்துரையை இன்றைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறைந்ததும் தாட்சாயிணி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நான்தான் சொல்லாம சமாளிச்சுகினு இருந்தேன்ல? வேல போயிருந்தா இன்னாடா பண்ணியிருப்ப?"

"உன்ன யாரோன்னு சொல்லிட்டு, எனக்கு இன்னாத்துக்குடி அந்த வேல?"

பிடித்த சட்டையை விட்டாள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பார்க்க, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.