பவுனும் கருவேலந்தழையும்

என்னைப் போல ஒரு கூறுகெட்டவள் கறம்பக்குடிப் பக்கத்திலேயே இருக்க மாட்டாள். பவுனுக்கு நோயை ஊட்டி வளர்த்ததே நான்தான்.

பவுன் என் வெள்ளாட்டுக்குட்டி. பிறந்த அன்றே தாயைப் பறிகொடுத்து, புட்டிப்பாலில் வளர்ந்தவள். மேயப் போனால் முள் குத்திவிடுமென்று கொல்லையில் ஒரே முளையில் கட்டிவைத்து, ரேஷன் அரிசிக் கஞ்சியும் கொடுத்தேன். கயிற்றை இழுத்துக்கொண்டு வேலியோரக் கருவேலத்தில் அவள் வாய் வைத்தால், “வாயக் கிழிச்சுக்காதடி!” என்று தழையைப் பிடுங்கி எறிவேன்.

ஆறு மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டாள். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கியது. கடையில் வாங்கிய பூச்சிமருந்தும் கேட்கவில்லை.

“செத்துப்போறதுக்குள்ள வித்துருவோம் செவந்தி. ஞாயித்துக்கெழமை யாவாரி வாராரு” என்றார் என் வீட்டுக்காரர் வீரய்யா.

“எனக்குக் காச்சல் வந்தா என்னையும் வித்துருவீங்களோ?”

“ஒன்னைய யாரு வாங்குவா?”

பாவி மனுஷன்! அழுதுகொண்டே குட்டியை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். டாக்டர் இசைவாணி புழுக்கையைச் சோதித்துவிட்டு வேறு மருந்து கொடுத்தார்.

“வயித்துல புழு ரத்தத்த உறிஞ்சுதுக்கா. ஒரே எடத்துல கட்டுனா, புழுக்கையில உள்ள புழு புல்லுல ஏறி மறுபடி வயித்துக்குள்ள போவும். அவுத்து விடுங்க. கருவேலந்தழையில இருக்க துவர்ப்பு புழுவ அடக்கும். குடல் தேறுனா நோயத் தாங்குற தெம்பு தானா வரும். அதையே முழுத் தீனியாவும் போட்றாதீங்க. கஞ்சி வேணவே வேணாம்.”

அவள் தேடிப் போன மருந்தையல்லவா நான் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறேன்!

வீரய்யாவிடம் கெஞ்சி மூன்று வாரம் தவணை வாங்கினேன். தினமும் கண்மாய்க்கரைக்கு ஓட்டிப்போனேன். தாடை வீக்கம் வற்றியது. ஆனாலும் யாவாரியை வர வேண்டாமென்று அவர் சொல்லவில்லை.

தவணை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பார்த்தால் பவுனைக் காணோம், அவரையும் காணோம். விற்றேவிட்டாரோ! தலையைக்கூட முடியாமல் கண்மாய்க்கரைக்கு ஓடினேன்.

அங்கே அவர் ஒரு கையால் கருவேலங்கிளையை வளைத்துப் பிடித்திருந்தார். பவுன் பின்னங்காலில் நின்று தழையை உருவிக்கொண்டிருந்தாள். மறு கையில் போன்.

“இல்லைங்க, ஆட்ட வித்தாச்சு. நீங்க வர வேணாம்.”

“யாருக்கு வித்தீங்க?” என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தார். கையெல்லாம் முள் கீறல்.

“ஒனக்குத்தான்” என்றார்.