செபிச்சுப் பாப்பம்

செபநாயகம் வாத்தியார் தன் வாழ்நாளில் ஒருத்தரையும் பார்த்து "இல்லை" என்று சொன்னவர் அல்லர். அதுதான் அவரிடத்தில் பெரிய தொல்லை. தேவாலயத்துக் கூரைக்கு நாலு கட்டு ஓலை தருவீர்களா என்றாலும் சரி, எங்கள் வீட்டுக் கலியாணத்தில் ஒரு வாழ்த்துச் சொல்லுவீர்களா என்றாலும் சரி, கண்ணை அரைவாசி மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "செபிச்சுப் பாப்பம்" என்பார். பண்டத்தரிப்புச் சபையில் சின்னப்பிள்ளைக்கும் அதன் அர்த்தம் தெரியும். ஓலை வராது. வாத்தியாரும் வரமாட்டார். பழி மாத்திரம் கர்த்தரின் தலையில்.

இந்தக் கண்டறியாத சொல்லைத்தான் அவருடைய தங்கச்சி நேசமுத்து மூன்று கிழமையாகக் கேட்டுக் கேட்டு வயிறெரிந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய ஒரே மகள் கமலாவதிக்கு மிஷன் ஆசுப்பத்திரியில் நேர்ஸ் வேலை பழக இடம் கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை காலமை போய் நிற்கவேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளை என்றபடியால், குடும்பத்தில் பொறுப்பான ஆம்பிளை ஒருவர் கூட்டிக்கொண்டு வந்து ஒப்படைக்கவேண்டும் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் போகாவிட்டால் இடம் வேறொருத்திக்கு. பொறுப்பான ஆம்பிளை என்று அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது தாய்மாமன் செபநாயகம் ஒருவர்தான்.

கமலாவதிக்கு இந்த எண்ணம் வந்தது தகப்பன் செத்த அன்று. நெருப்புக்காய்ச்சலில் கிடந்த தியாகராசாவை அந்த ஆசுப்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். கட்டிலில் கிடத்திக் கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு நேர்ஸ் பெண் வந்து, முகம் சுளிக்காமல் அவரைத் துடைத்து, வேட்டி மாற்றி, தலையையும் வாரிவிட்டாள். பிள்ளை கதவடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வந்தபிறகும் கனநாள் ஒருத்தரோடும் கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கியபோது, "அம்மா, அந்த அக்கா செய்த வேலைக்குத்தான் நானும் போகப்போறன்" என்றது. அதிலிருந்து இன்றுவரை வேறு கதையில்லை.

நேசமுத்து தமையனிடம் நேரே போய்க் கேட்டும் பார்த்தாள்.

"அண்ணை, ஓமோ இல்லையோ, ஒண்டைச் சொல்லுங்கோ."

"தேவசித்தம் இன்னும் தெரியேல்லை, நேசம். செபிச்சுப் பாப்பம்."

"உங்கடை மகன் மலாயாவுக்குக் கப்பலேறேக்கை எத்தினை கிழமை செபிச்சனீங்கள்?"

"அது அவசரத்திலை நடந்த காரியம்."

"இதுவும் அவசரந்தான். திங்கக்கிழமை போகவேணும்."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வைத் தலைப்பால் துடைத்தார். "நீ விளங்காமல் கதைக்கிறாய். அங்கை போனால் ஆரார் உடம்பையெல்லாம் தொட்டுக் கழுவவேணும். மலசலம் அள்ளவேணும். வந்து கிடக்கிறவன் எந்தச் சா..." என்று வந்தவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். மனுசர் எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று போன ஞாயிறுதான் பிரசங்கம் பண்ணிய வாய் அல்லவா! "எந்தச் சமூகம் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று முடித்தார்.

சமூகமாம்! நேசமுத்துவுக்குச் சிரிப்பும் வந்தது. பக்கத்தில் அகப்பை கிடந்திருந்தால் சபை மூப்பர் என்றும் பாராமல் ஒன்று போட்டிருப்பாள். பெண்டுகள் வோட்டுப் போடுகிற காலம் வந்துவிட்டது. இந்த மனிசனுக்கு ஒரு பெட்டை பத்து நோயாளியைத் துடைத்துவிட்டால் வானம் இடிந்து விழுந்துவிடுமாம். அதை வாய்விட்டுச் சொன்னாலும் பரவாயில்லை, சண்டை பிடிக்கலாம். அவரோ கர்த்தரைக் கூப்பிட்டு முன்னுக்கு விட்டுவிட்டுத் தான் பின்னால் ஒளித்துக்கொள்ளுகிறார். கர்த்தரோடு யார் மல்லுக்கட்டுவது?

எரிச்சலான விசயம் இன்னொன்றும் இருந்தது. வாத்தியார் மனிதரோடு கதைக்கவேண்டியதை எல்லாம் கடவுளோடுதான் கதைப்பார். பெண்சாதி ஞானாம்பிகை குழம்புக்கு உப்பைக் கூட்டிப்போட்டால் அவளிடம் சொல்லமாட்டார். "கர்த்தாவே, இந்த ஆகாரத்தையும் இதிலுள்ள மிகுதியான உப்பையும் ஆசீர்வதியும்" என்று சாப்பாட்டு முன் செபத்தில் சொல்லுவார். பக்கத்து வளவு ஆடு வந்து வாழையைக் கடித்தால், அடுத்த கூட்டத்தில், "ஆடுகளைக் கட்டிவைக்கும் ஞானத்தை எங்கள் அயலவருக்கு அருளிச்செய்யும்" என்பார். ஆட்டுக்காரனும் அங்கேதான் தலைகுனிந்து இருப்பான். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவன் என்ன மறுமொழி சொல்லுவான்? கடைசியில் ஆமென் என்றும் அவனே சொல்லித் தொலைக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டுச் சின்னாச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவள் சைவக்காரி; ஆனால் கமலாவதியைத் தூக்கி வளர்த்தவள்.

"என்ன நேசம், உங்கடை சாமி இன்னும் மறுமொழி சொல்லேல்லையே?"

"இல்லையக்கா."

"எங்கடை பிள்ளையாரிட்டை வாவன். சிவப்புப் பூ ஒண்டு, வெள்ளைப் பூ ஒண்டு. இலையிலை சுத்திவைச்சு, ஒரு குழந்தையைக் கொண்டு ஒண்டை எடுப்பிச்சால் அலுவல் முடிஞ்சுது. இப்பிடிக் கிழமைக்கணக்கிலை இழுக்க மாட்டார்."

"கர்த்தரும் இழுக்கிறாரில்லை அக்கா. அவர் சொல்லியிட்டார். அண்ணைதான் அவரைக் கதைக்க விடுறாரில்லை."

சின்னாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நேசமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னது பகிடிக்கென்றாலும், அடுப்படியில் போய் இருந்தபிறகு அதுவே அவளைப் பிடித்துக்கொண்டது. தேவசித்தம் தேவசித்தம் என்கிறாரே, அந்தச் சித்தம் எப்போதும் அண்ணையின் சித்தத்தோடு அச்சொட்டாய் ஒத்துப்போகிறதே, ஒருநாளாவது மாறிவரக்கூடாதா? மாறிவந்தால் அதை இந்த வீட்டில் யார் கேட்பார்கள்? அவளுக்குத் தெரியவில்லை. வெங்காயம் உரிக்கிற சாட்டில் கொஞ்சம் அழுதாள்.

புதன்கிழமை செபக்கூட்டம் அந்தமுறை நேசமுத்து வீட்டில். பொழுது படுகிற நேரம் சனம் வந்து சேர்ந்தது. பாய் விரித்து, ஆம்பிளைகள் ஒரு பக்கம், பெண்டுகள் ஒரு பக்கம். வாத்தியாருக்கு மாத்திரம் கதிரை. கமலாவதி தாயின் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். பாட்டு முடிந்தது. வேதவாசிப்பு முடிந்தது. வாத்தியார் எழும்பினார், எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

ஊருக்கு மழை கேட்டார். சக்கரவர்த்தியின் சுகத்துக்காக வேண்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி நெய்போல உருக்கிக்கொண்டார்.

"கிருபையுள்ள ஆண்டவரே, இந்த வீட்டிலுள்ள சிறு பெண்ணை நினைத்தருளும். அவளுடைய இருதயத்தில் புகுந்த உலக ஆசையை நீக்கியருளும். அந்நிய ஆடவரின் சரீரங்களைத் தீண்டும் தொழிலை நாடி, தாயோடு இரவும் பகலும் வழக்காடும் அந்தப் பிடிவாதத்தை முறித்தருளும். தகப்பனில்லாத பிள்ளை என்று செல்லங்கொடுத்த தாயின் கண்களையும் திறந்தருளும்..."

பெண்டுகள் பக்கத்தில் யாரோ "உச்" கொட்டினார்கள். பின்னால் கமலாவதி விக்குகிறது கேட்டது. வழக்காட்டாம்! அந்தப் பிள்ளை தாயிடம் ஒரு நாளும் எதிர்த்து ஒரு சொல்லுச் சொன்னதில்லை. நாளைக் காலமை இது கிணற்றடி எல்லாம் கதையாகிவிடும். ஆம்பிளைகளைத் தொடுகிற ஆசையில் அலைகிற பெட்டை என்று பெயர் வரும். கோதாரி விழுந்த செபம்! நேசமுத்துவுக்குக் காது இரண்டும் கொதித்தது.

"ஆமென்" என்றார் வாத்தியார். "ஆமென்" என்றது சனம்.

"வேறை ஆரும் செபிக்கிறதெண்டால் செபிக்கலாம்" என்றார் அவர் வழக்கம்போல. ஒருவரும் செபிக்கிறதில்லை. வாத்தியாருக்குப் பிறகு செபிக்க யாருக்குத் துணிவு வரும்? கோப்பி எப்போது வரும் என்றுதான் காத்திருப்பார்கள்.

நேசமுத்து முழங்காலில் நின்றாள்.

"பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே," என்று தொடங்கினாள். "உம்முடைய அடியாளுக்கு அலங்காரமாய்ச் செபிக்கத் தெரியாது. தேவரீர் பொறுத்தருளும்." அவ்வளவுக்குத்தான் அவளுக்கு வேதத்தமிழ் வந்தது. பிறகு வந்ததெல்லாம் அடுப்படித் தமிழ்.

"ஆண்டவரே, பிடிபட்ட அண்டு இரவு நீர் இடுப்பிலை துவாயைக் கட்டிக்கொண்டு, தண்ணி வாத்து, கூட இருந்தவையின்ரை காலெல்லாம் கழுவினனீர். கழுவ முதல், செபிச்சுப் பாப்பம் எண்டு சொன்னனீரோ? இது ஆரின்ரை கால், எந்தச் சமூகம் எண்டு கேட்டனீரோ? காட்டிக்குடுக்கப் போறவன்ரை காலையும் தெரிஞ்சுகொண்டெல்லோ கழுவினனீர்! குஷ்டரோகியைத் தொட்டனீர். என்ரை பிள்ளை புதிசாய் ஒரு வேலையும் கேக்கேல்லை. நீர் செய்த வேலையைத்தான் கேக்குது. அது உலக ஆசையெண்டால், நீரும் உலக ஆசைக்காரன்தான்."

"தோத்திரம்" என்று யாரோ ஒரு கிழவர் பழக்கதோசத்தில் சொல்லிவிட்டு, பிறகு பயந்து இருமினார்.

"இன்னுமொண்டு, ஆண்டவரே. உமக்குத் தெரிஞ்ச விசயம். இஞ்சை ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. என்ரை புருசன் இவர் காய்ச்சலிலை கிடந்த அண்டு காலமை, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டில் கட்டி வாசல் படலையிலை நிண்டது. தூக்கி ஏத்துறதுதான் பாக்கி. அண்ணை, பொறுங்கோ, செபிச்சிட்டுப் போவம் எண்டார். செபிச்சார், செபிச்சார், செபிச்சுக்கொண்டே நிண்டார். இவருக்கு மூச்சு இழுக்குது. வண்டில்காரன் எட்டி எட்டிப் பாக்கிறான். செபத்துக்கு நடுவிலை ஆர் வாய் திறக்கிறது? வெயில் ஏறினபிறகுதான் ஆமென் வந்தது. ஆசுப்பத்திரியிலை அந்த நேர்ஸ் பிள்ளை கேட்ட முதல் கேள்வி, ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டந்தனீங்கள் எண்டுதான். நான் என்னத்தைச் சொல்லுறது? உம்மோடை கதைச்சுக்கொண்டு நிண்டதிலை பிந்திப்போச்சு எண்டு சொல்லவோ?"

மூச்சு வாங்கியது அவளுக்கு. கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது, அவள் துடைக்கவில்லை.

"அதுக்குப் பிறகு எனக்கு உம்மோடை கதைக்க மனம் வரேல்லை. ஆமென் மட்டும் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். உம்மிலை எனக்குக் கோவம். இப்பவும் கோவந்தான். ஆனால் என்ரை பிள்ளையையும் அந்தப் படலையிலை நிப்பாட்டி வையாதையும். இயேசுவின் நாமத்திலை கேக்கிறன்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

நேசமுத்து கண்ணைத் திறந்தாள். சனம் எல்லாம் கண்ணை இறுக்கி மூடியபடி இருந்தது. திறந்தால் யாரைப் பார்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வாத்தியார் மாத்திரம் கண்ணைத் திறந்துவைத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நேசம்," என்றார். "நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்பிடி அண்ணை சொல்லுறது?" அவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கள் அவரோடை எல்லோ கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்! எங்களோடை எப்ப கதைச்சனீங்கள்?"

ஞானாம்பிகை புருசனுக்குத் துணையாக ஏதாவது சொல்லுவாள் என்று நேசமுத்து அந்தப் பக்கம் பார்த்தாள். ஞானாம்பிகை பாயின் ஓலையைக் கிள்ளிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் இருந்தாள்.

வாத்தியார் எழும்பி, ஆம்பிளைகளின் பாயைத் தாண்டி, பெண்டுகள் பக்கத்துக்கு வந்தார். அப்படி அவர் வந்ததை அந்தச் சபை கண்டதில்லை. இன்னொரு செபம் வரப்போகிறது என்று நினைத்துச் சிலர் தலையை இன்னும் குனிந்தார்கள். அவர் கமலாவதிக்கு முன்னால் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் குந்தினார்.

"பிள்ளை, கண்ணைத் திற," என்றார். "மாமா ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு... பிந்தாமல் கொண்டுபோயிருந்தால் கொப்பர் தப்பியிருப்பாரோ?"

கமலாவதி தாயைப் பார்த்தாள். பிறகு மாமனைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம். ஆனால் குரல் தெளிவாய்த்தான் வந்தது.

"தெரியாது மாமா. அதைப் படிக்கத்தான் போகப்போறன்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை எத்தினை மணிக்கு அங்கை நிக்கவேணும்?"

"எட்டு மணிக்கு."

"விடிய முதல் வெளிக்கிடுவம்," என்றார். "பிந்தக்கூடாது."