யோஸ்தா ஆயில் ஊற்றினானா

“அந்தக் கார் அங்க நிக்கிற வரைக்கும் நான் வரமாட்டேன், குத்ரூன். அதைத் தூக்கிப் போடு. அப்புறம் கூப்பிடு.”

என் அண்ணன் யோஸ்தா போனில் சொன்னது இவ்வளவுதான். நடுக்கோடை விருந்துக்கு ஊருக்கு வா என்று வருஷாவருஷம் அவனைக் கூப்பிடுகிறேன். வருஷாவருஷம் ஒரு சாக்கு வைத்திருப்பான். ரயிலில் கூட்டம், முதுகில் பிடிப்பு, பூனைக்கு உடம்பு சரியில்லை. வடக்குக் கோடியில் லூலியோவில் இருப்பவனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? இந்த வருஷம் எனக்குப் பொறுமை போய்விட்டது. “நமக்கு என்ன இருபது வயசா, இன்னும் நாப்பது கோடை இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கியா? உண்மையைச் சொல்லு” என்று கத்தினேன். கத்தினதற்கு உண்மை வந்துவிட்டது.

கார் என்றால் அப்பாவின் பழைய சாப் கம்பெனி வண்டி. எங்கள் கொட்டகையில் நாற்பது வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. அப்பா போய்ச் சேர்ந்தபின் வீடு என் கைக்கு வந்தது, கொட்டகையும் வந்தது, காரும் வந்தது. அதன் மேல் பழைய கோணிப்பைகள், உடைந்த நாற்காலிகள், எலிகளின் பல தலைமுறை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு ஆயிலையும் அளந்து டேங்கில் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் எஞ்சின் உள்ளே வறண்டு இறுகிவிடும், அவ்வளவுதான், முடிந்தது. அப்பா இதை எங்களுக்குச் சாப்பாட்டு மேசையில் பிரார்த்தனை மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நடுக்கோடை மாலையில் முதல் முறையாகக் காரை யோஸ்தாவிடம் கொடுத்தார், ஏரிக்கரை நடனத்துக்குப் போய்வர. திரும்பும் வழியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வரும்போது, மேட்டில், எஞ்சின் நின்றுவிட்டது. அசைய மறுத்தது. பக்கத்துப் பண்ணை டிராக்டரில் கட்டி, நடனத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் சிரித்துப் பார்க்க, இழுத்து வந்தார்கள். அப்பா சாவியைத் திருப்பிப் பார்த்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

“ஆயில் ஊத்த மறந்துட்டான்” என்றார்.

யோஸ்தா ஊற்றினேன் என்றான். அப்பா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த வருஷ நடுக்கோடை விருந்தில், ஊறவைத்த மீனும் புது உருளைக்கிழங்கும் பரிமாறும்போது, யாரோ சாலட்டுக்கு எண்ணெய் கேட்டார்கள். “யோஸ்தாவைக் கேட்காதீங்க, அவன் ஊத்தமாட்டான்” என்றார் அப்பா. மேசையே குலுங்கிச் சிரித்தது. அதற்கடுத்த வருஷமும் அதே நகைச்சுவை. விருந்தாளிகளைக் கொட்டகைக்குக் கூட்டிப் போய்ச் சாட்சி மாதிரி காரைக் காட்டினார். மூன்றாவது வருஷம் யோஸ்தா ஊரிலேயே இல்லை. அப்பாவின் சாவுக்கு மலர் வளையம்தான் வந்தது. அவன் இன்று வரை சொந்தமாகக் கார் வாங்கவில்லை, ஸ்டியரிங்கைத் தொடவும் இல்லை. லூலியோவில் பேருந்துக்காகப் பனியில் நிற்கிற ஓய்வுபெற்ற மனிதர்களில் அவன் ஒருவன்.

சரி, கார்தான் தடை என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். காயலான் கடைக்காரனுக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை லாரியோடு வருகிறேன் என்றான். காரை வெளியே இழுத்து வைக்க ஹோல்கரைக் கூப்பிட்டேன். பக்கத்துப் பண்ணைக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன். அன்றைக்கு இழுத்து வந்த டிராக்டர் அவன் அப்பாவுடையது. ஹோல்கர் அதில் தொங்கிக்கொண்டு வந்து, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன்.

“என்னடி, எங்க குடும்பத்துக்கு உங்க காரை இழுக்கறதே பொழப்பாப் போச்சு” என்றான் வந்ததும் வராததுமாக.

“வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் தள்ளு.”

கார் வெளிச்சத்துக்கு வந்தது. டயர்கள் தட்டையாகி இருந்தன. சாம்பல் நீலம், அங்கங்கே துரு. முன்பக்கக் கம்பி வலையில் என்னமோ குச்சி குச்சியாகச் செருகியிருந்தது. கை வைத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிர்ச் மரக்கிளை. நடுக்கோடைக்குக் காரை இலைகளால் அலங்கரிப்போமே, அது. அன்று காலை நானும் யோஸ்தாவும் சேர்ந்து கட்டியது. ஹோல்கர் பார்க்கிறான் என்று மூக்கைச் சிந்தி, தூசி என்று சொல்லி வைத்தேன்.

கதவைத் திறந்தேன். எலிப் புழுக்கை நாற்றத்துக்கு அடியில், மெல்லிசாக, அந்த வாசனை இருந்தது. எரிந்த ஆயிலும் வெயிலில் காய்ந்த இருக்கைத் துணியும் சேர்ந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதில்தான் இருந்தன. அப்பாவின் தொப்பி கூரையில் இடிக்கும். அம்மா காபிக் குடுவையை மடியில் வைத்திருப்பாள். பின் இருக்கையில் யோஸ்தா வாயாலேயே எஞ்சின் ஓட்டுவான், பட்பட்பட் என்று. பெட்ரோல் போட்டதும் அப்பா ஆயிலை ஊற்றி, எங்கள் இருவரையும் இறக்கி, பின் பம்பரைப் பிடித்துத் தொட்டில் மாதிரி ஆட்டச் சொல்வார். ஆட்டினால்தான் ஆயிலும் பெட்ரோலும் கலக்கும். “ஆட்டுங்க, ஆட்டுங்க, தூங்கிடக் கூடாது” என்பார். அப்பா நல்ல மனிதர்தான். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

“வெள்ளிக்கெழமை வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். வா, காபி போடு” என்றான் ஹோல்கர்.

“இரு. பானெட்டைத் தொறந்து பாத்துட்டு வரேன்.”

“எதுக்கு? செத்தது செத்ததுதானே.”

“எதனால செத்துதுன்னு பாக்கணும்.”

நான் பார்த்த உத்தியோகம் அப்படி. வண்டிகளுக்கு எஃப்.சி. பார்த்து, ஓடலாம் ஓடக்கூடாது என்று சொல்கிற வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவன் காரில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். ஊரில் எனக்குப் பட்டப்பெயர் உண்டு, அச்சில் வராது. இத்தனை காலத்தில் இந்தக் காரை மட்டும் நான் திறந்து பார்த்ததில்லை. அப்பா சொன்னார், அவ்வளவுதான். அப்பா சொன்னதற்கு மேல் பரிசோதனை ஏது?

ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றினேன். முதலாவதைக் கையில் வாங்கியதும் அப்படியே நின்றுவிட்டேன்.

“என்னடி, பேயைக் கண்ட மாதிரி?”

“ஹோல்கர், இதைத் தொடு.”

தொட்டான். விரல் கறுத்தது. பிசுபிசுத்தது. “ஆயில்” என்றான்.

“ஆயில் இல்லாம ஓடின எஞ்சின்ல பிளக் வெளுத்துக் காஞ்சு கெடக்கும். இது நாறிப்போய் மொத்தமா ஊறிக் கெடக்கு. மூணும்.”

இரண்டு பேரும் டேங்கைக் கழற்றினோம். பெட்ரோல் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே ஆவியாகிப் போயிருந்தது. ஆயில் ஆவியாகாது. டேங்கின் அடியில் கெட்டியாக, பழுப்பாக, தேன் மாதிரி கிடந்தது. வாளியில் வடித்தோம். இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கு இருக்கும்.

“ஊத்தியிருக்கான்” என்றான் ஹோல்கர்.

“ரெண்டு தடவ ஊத்தியிருக்கான்.” என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. “ஆயில் அதிகமாகித்தான் பிளக் அணைஞ்சு வண்டி நின்னிருக்கு. மூணு பிளக்கையும் தொடைச்சுப் போட்டிருந்தா ஓடியிருக்கும்டா.”

“அப்புறம் ஏன் எஞ்சின் சுத்தல? உங்கப்பா சாவி போட்டாரே. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

அதுதான் எனக்கும் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். ஸ்டார்ட்டர் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம், எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தில் கடித்துக்கொண்டு அப்படியே மாட்டியிருந்தது. மேட்டில் நின்ற வண்டியை யோஸ்தா பதற்றத்தில் விடாமல் ஸ்டார்ட் செய்திருக்கிறான், அது சிக்கிக்கொண்டது. அது சிக்கினால் எஞ்சின் இம்மியும் சுற்றாது. இறுகிப்போனது போலவே இருக்கும். இரண்டு போல்ட்டைத் தளர்த்தி மோட்டாரை வெளியே இழுத்தேன். எஞ்சினைக் கையால் சுற்றினேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. அந்த இரட்டை ஆயில்தான் இத்தனை வருஷம் அதைத் துரு பிடிக்காமல் காப்பாற்றியிருக்கிறது.

நான் கொட்டகை வாசலில் தரையிலேயே உட்கார்ந்தேன். அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஊர் சிரித்தது, உமக்கு அவமானம், சரி. அதற்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது, அதுவும் சரி. ஒரு ஸ்பேனரை எடுத்து ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்க என்ன கேடு? செத்தவர்கள் மேல் கோபப்படுவதில் இதுதான் கஷ்டம், பதில் கிடைக்காது.

ஹோல்கர் தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். “நானும் சிரிச்சேனே, குத்ரூன்” என்றான் கடைசியில்.

“சிரிச்சே. அதனால பேட்டரி உன் செலவு.”

காயலான் கடைக்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யோஸ்தாவுக்கு உடனே போன் செய்யச் சொன்னான் ஹோல்கர். மறுத்தேன். வண்டி ஓடாமல் நான் சான்று கொடுத்ததில்லை. டேங்கைக் கழுவினோம், பெட்ரோல் குழாய்களை மாற்றினோம், கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்தோம், புதுப் பிளக்கும் புது டயரும் போட்டு, ஸ்டார்ட்டரைத் திரும்ப மாட்டினோம். ஹோல்கர் முணுமுணுத்துக்கொண்டே கூடவே கிடந்தான். நடுக்கோடைக்கு முந்தைய வாரம், ஒரு காலையில், சாவியைத் திருப்பினேன். இருமியது, நின்றது. மறுபடி இருமியது. பிறகு கொட்டகை முழுக்க நீலப் புகை. பட்பட்பட் என்று அந்தச் சத்தம். ஹோல்கர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். தூசி என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேனே.

எஞ்சினை அணைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

“தூக்கிப் போட்டியா?” என்றான்.

“இல்ல. அண்ணா, நீ அன்னிக்கு ஆயில் ஊத்தியிருக்கே.”

“எதுக்கு இப்ப அதை எடுக்கறே?”

“டேங்க்ல இருந்துச்சு. பிளக்ல இருந்துச்சு. ரெண்டு மடங்கு ஊத்தியிருக்கே. எஞ்சின் இறுகவே இல்ல. ஸ்டார்ட்டர்தான் மாட்டிக்கிச்சு. எல்லாத்தையும் நானே கழட்டிப் பாத்தேன்.”

“என்னை வரவைக்கறதுக்காகச் சொல்றே.” அவன் குரல் தளர்ந்திருந்தது. “எனக்கே தெரியல குத்ரூன். ஊத்தின மாதிரிதான் ஞாபகம். ஆனா அப்பா சொல்லச் சொல்ல, ஊத்தலைன்னும் ஒரு ஞாபகம் வந்து ஒட்டிக்கிச்சு. இப்ப ரெண்டும் இருக்கு. நீ நல்ல மனசுல சொல்றே, அது புரியுது.”

எனக்கு வந்ததே கோபம்.

“நல்ல மனசா? எனக்கா? என் மாமியார் காரை பிரேக் சரியில்லைன்னு நாலு பேர் முன்னாடி திருப்பி அனுப்பினவ நான். பாவம்னு சொல்லி ஒரு லைட்டைக்கூட பாஸ் பண்ணதில்ல. ஊர்ல யாரை வேணா கேளு. குத்ரூன் சரின்னு சொன்னா சரி. நான் சொல்றேன், நீ ஊத்தினே.”

“நிஜமாவா?” என்றான்.

“இரு” என்று சொல்லி, போனை ஹோல்கரிடம் கொடுத்துப் புகைக்குழாய் அருகே பிடிக்கச் சொன்னேன். சாவியைத் திருப்பினேன். ஹோல்கர் புகையில் இருமிக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்தபடி நின்றான். நான் போனைத் திரும்ப வாங்கியபோது அண்ணன் அழுதுகொண்டிருந்தான். என் அண்ணன் அழுது நான் கேட்டதே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சேர்ந்து அழுதேன்.

“ஒரு தடவ ஊத்தினேன்” என்றான், மூக்கை உறிஞ்சியபடி. “ஊத்திட்டு வண்டில ஏறுற நேரத்துல சந்தேகம் வந்துடுச்சு. பூட்டின பூட்டை இழுத்துப் பாக்கற மாதிரி. அப்பா திட்டுவாரேன்னு இன்னொரு டப்பாவை வாங்கி அதையும் ஊத்தினேன். அந்த ரெண்டாவது டப்பா எனக்கு மறந்தே போயிருந்துச்சு, இப்பதான் ஞாபகம் வருது.”

நடுக்கோடைக்கு முதல் நாள் ரயிலில் வந்தான். ஒல்லியாக, குனிந்து, கையில் ஒரு சின்னப் பெட்டி. ஸ்டேஷன் வாசலில் சாப்பைப் பார்த்ததும் நின்றான். ஹோல்கர் முன்பக்கம் பிர்ச் கிளைகள் கட்டியிருந்தான். யோஸ்தா ஒரு இலையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டான். வீட்டுக்குப் போகும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஆயில் டப்பாவை அவன் கையில் கொடுத்தேன்.

நிதானமாக அளந்தான். கடைசிச் சொட்டு விழும்வரை டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான். மூடியைத் திருகிவிட்டு என்னைப் பார்த்தான்.

“ஊத்தினேனா? பாத்தியா?”

“பாத்தேன் அண்ணா. ஊத்தினே.”

தலையை ஆட்டினான். பின்னால் போய் இருவரும் பம்பரைப் பிடித்துக்கொண்டோம். முட்டி வலியோடு, பங்கில் நின்ற சின்னப் பையன்கள் வேடிக்கை பார்க்க, காரை ஆட்டினோம்.