டெலியா நிரப்பிய தண்ணீர்

டோபின் எழுந்ததும் படுக்கையை மடித்துச் சுவரோடு சாய்த்தான். அடுப்பைப் பற்றவைத்தான். கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் காப்பி போட்டான். மிச்சத்தில் பல் துலக்கி முகம் கழுவினான். தங்கிப் பயணம் போகும் அந்த வண்டிக்குள் இருந்த குழாயைத் தொடவில்லை. அக்டோபரிலிருந்தே அவன் அதைத் தொடுவதில்லை.

இருக்கைக்கு அடியில் இருந்த தொட்டியில் அவன் மனைவி டெலியா நிரப்பிய தண்ணீர் இருந்தது. அதை நிரப்பிய மறுநாள் இந்தப் பயணத்துக்குக் கிளம்புவதாக இருந்தார்கள். தொட்டியை நிரப்பிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனவள் சாலை விபத்தில் இறந்துபோனாள். குளிர்காலம் முழுக்க, தண்ணீர் உறைந்துவிடக் கூடாதென்று, வாசலில் நின்ற வண்டிக்குள் ஹீட்டரை அணையாமல் வைத்திருந்தான் டோபின். ஏப்ரலில் தனியாகக் கிளம்பி, அவள் பார்க்க ஆசைப்பட்ட இந்தப் பாறைப் பூங்காவுக்கு நேற்று மாலை வந்து சேர்ந்தான்.

தூங்கும் மந்தை என்று பூங்காவுக்குப் பெயர். நியூ மெக்ஸிகோவின் வெட்டவெளியில் பழுப்புப் பாறைகள் மாடுகளைப் போல முதுகு காட்டிப் படுத்திருந்தன. காலை வெயில் பட்டதும் அவை மூச்சு விடுவது போலிருந்தது.

கனவில் டெலியா தினமும் வந்தாள். நேற்றும் வந்து, "மந்தை எந்திரிக்கப் போகுது, தண்ணி காட்டணும்" என்றாள். உயிரோடு இருந்தபோது அவள் அப்படியெல்லாம் பேசியதில்லை. டயரில் காற்று இருக்கிறதா என்று கேட்பாள். கனவுக்காரி பேசப் பேச, நிஜமானவள் பேசியது ஒவ்வொன்றாக அழிந்துகொண்டு வந்தது. கனவு கலக்காமல் அவளுடையது என்று மிச்சமிருந்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

காப்பியோடு வெளியே வந்தபோது வண்டிக்கு அடியில் காடைகள் கூடியிருந்தன. மணல் ஈரமாக இருந்தது.

பக்கத்து வண்டிக்காரர் ராஸ்கோ கூப்பிடாமலேயே வந்து மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார். வருகிற வழியில் கல் அடித்து தொட்டியின் வடிகால் குழாய் விரிசல் விட்டிருக்கிறது என்றார். ஒட்டுப் போட்டாலும் நிற்காது, சாயங்காலத்துக்குள் தொட்டி காலியாகிவிடும். அவர் மனைவி வெர்னா நின்றபடியே, எதையும் சரிசெய்கிறேன் என்று உள்ளே போகாதே, போன தடவை உன்னை வெளியே இழுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது என்றாள்.

பூங்காவின் குழாய் பனியில் வெடித்து இன்னும் மூடியே கிடந்தது. குளிக்க வழியில்லாமல் வெர்னாவின் தலையெல்லாம் மணல்.

"கேக்கக் கூச்சமாத்தான் இருக்கு, தம்பி. எப்படியும் வீணாத்தான் போகுது. என் தலைக்கு ஒரு வாளி ஊத்திக்கட்டுமா?"

டோபின் ஒழுகும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். விரலிடுக்கில் வழிந்தது. அப்படியே குந்தியிருந்து, அது மனைவி நிரப்பிய தண்ணீர் என்றும் அவள் இப்போது இல்லை என்றும் சொன்னான்.

ராஸ்கோ தொப்பியைக் கழற்றினார். வெர்னா, "அப்போ வேணாம்பா. நான் ஒண்ணும் கேக்கல" என்றாள்.

அவர்கள் தங்கள் வண்டியை நோக்கித் திரும்பினார்கள். டோபின் கை மரத்துப்போகும்வரை பிடித்திருந்தான். காடைகள் மறுபடி வந்து அவன் காலருகே குடித்தன. அவற்றை விரட்ட அவனுக்குத் தோன்றவில்லை. பிறகு கையை எடுத்தான்.

"வாளி இருந்தா எடுத்துட்டு வாங்க."

வெர்னா நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தாள். டோபின் குவளையால் மொண்டு ஊற்றினான். தண்ணீரில் லேசாக ரப்பர் வாடை அடித்தது. நரைமுடியிலிருந்து மணல் இறங்கியது. குழந்தையாக இருந்தபோது குளித்ததுதான் கடைசி என்று ராஸ்கோ அவளைச் சீண்டினார். வாயைத் திறந்தால் அடுத்த குவளை உனக்குத்தான் என்றாள் அவள். கடைசி வாளியை டோபின் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டான்.

குளிர் சுரீரென்று இறங்கியது. கண்ணைத் திறந்தபோது மந்தை வெயிலில் அசையாமல் கிடந்தது. வெறும் பாறைகள். அந்தக் கடைசி நாளின் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. டெலியா குழாயை மூடினாள். ஈரக் கையை ஜீன்ஸில் துடைத்தாள். கார் சாவியை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஐஸ் வாங்கிட்டு வந்துடறேன். உனக்கு வேற ஏதாவது வேணுமா?"