இரும்புக் கதவுக்குப் பின்னால் கருவாடு

"துறைமுகத்துப் பழைய கிட்டங்கி அப்பா இது. இப்ப மேலே வீடு, நடுவிலே ஒஃபிஸ், கீழே சாப்பாட்டுக் கடை" என்று றொசானா பெருமையாகத்தான் சொன்னாள். மூட்டை அடுக்கக் கட்டிய இடத்தில் மனிசருக்கு என்ன வேலை என்று, மன்னாரிலிருந்து அவளிடம் வந்திருந்த தகப்பன் நீக்கிலாப்பிள்ளைக்குத் தோன்றியது.

பால்கனியில் மீன் காயப் போடக் கூடாது என்பது மகளின் முதல் கட்டளை. "அயலவை கொம்ப்ளெயின் பண்ணினால் எங்களை வீட்டை விட்டு எழுப்பிப் போடுவினம்."

கிழவர் தலையாட்டினார். ஆனால் சமைக்கிற குசினிக்குப் பின்னால், முந்தி மூட்டை தூக்கிய லிஃப்ட் கூட்டுக்கு ஓர் இரும்புக் கதவு இருந்தது. உள்ளே காற்று விடாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஈ இல்லை, பறவை இல்லை. மன்னாரிலும் இப்படி ஓர் இடம் கிடையாது. மீனைக் கீறி, உப்புப் போட்டு, கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினார். காற்று எங்கே போய் இறங்குகிறது என்று அவர் யோசிக்கவில்லை.

கீழே கடையில் கோப்பை கழுவுகிறவன் அருமைநாதன். மன்னார்ப் பக்கத்துப் பேசாலைப் பொடியன், கோயிலில் அவருக்கு இடம் பிடித்து வைப்பவன். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து முகம் செத்து நின்றான்.

"என்னடா, மூஞ்சி தொங்கிப் போச்சு?"

"வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள், ஐயா. குசினிக்குள்ளே நாத்தமாம். நான்தான் கருவாடு ஒளிச்சு வைக்கிறனாம்."

"வைச்சனியோ?"

"மாதாவாணை இல்லை. ஆனா வாடை இருந்தது. நல்ல கருவாடு, ஐயா, எனக்கே வாயூறினது." சிரித்தான். "பேய்தான் காயப் போட்டிருக்கும்."

"வெள்ளையனை நம்பினால் இதுதான்" என்றார் கிழவர். சொன்ன வாய் கசந்தது. அருமைநாதனின் பெண்சாதி யோசெப்பின் பிள்ளை வயிற்றோடு படியில் குந்தியிருந்தாள்.

வீட்டில் கயிற்றை மேலே இழுக்கும்போது றொசானா பார்த்துவிட்டாள். அருமைநாதன் கதையைக் கேட்டதும் அவள் குரல் தாழ்ந்தது.

"வாயைத் திறக்காதேங்கோ அப்பா. வீடு போயிடும். அவனுக்கு டவுன்டவுனிலே வேறை குசினி கிடைக்கும்."

அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. கிடைக்கும், கிடைக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு புதிதாக ஒரு மீனும் கீறவில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம், கடை நிறைய ஆட்கள் இருக்கும் நேரம், கருவாட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே போனார். சாப்பிட்டவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். முதலாளி ஓடி வந்தான். கிழவருக்குப் பிரெஞ்சும் வராது, இங்கிலீசும் வராது. மீனைக் காட்டி, மேலே காட்டி, நெஞ்சைத் தட்டினார். "அருமைநாதன் நோ. மீ!"

முதலாளிக்கு விளங்கியது. குசினிக் கதவைத் தள்ளிக் காட்டினான். தொட்டிக்கு முன்னால் புது ஆள் ஒருத்தன் முழங்கை வரை நுரையோடு நின்றான். முதலாளி கையை விரித்தான்.

மகளிடம் சொல்லாமல், அதே கோலத்தில் மெட்ரோ ஏறிச் செயின்ட்-மிஷேலுக்குப் போனார். அருமைநாதன் வீட்டு இரும்புப் படி ஏறிக் கதவைத் தட்டினார். திறந்தவன் சிரிக்கப் போனான். வாடை வந்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அந்தப் பேய் நான்தானடா" என்றார் கிழவர்.

"அண்டைக்குக் கோயிலடியிலே நீங்கள் கேக்கேக்குள்ளேயே உங்களுக்குத் தெரியுமோ, ஐயா?"

"தெரியும்."

உள்ளிருந்து யோசெப்பின் குரல் கேட்டது. "ஆரப்பா வந்திருக்கிறது?"

அருமைநாதன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒருத்தருமில்லை" என்றான்.