ஐம்பத்து மூன்று ஆப்சென்ட்

இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய் நாலு நாளாகிவிட்டது. அட்டைப்பெட்டிப் பட்டறையின் தரையில் போல்ட்டுக் குழிகள் மட்டும் பல் விழுந்த ஈறு போலக் கிடந்தன. மிச்சம் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு வருகைப் பதிவேடு. மேசைக்கு இந்தப் பக்கம் முதலாளியம்மா, அந்தப் பக்கம் கணக்காளர்.

"ஏழு பேருக்கும் செட்டில்மென்ட் முடிஞ்சுது. பாக்கி ஹாரன் ஒருத்தர்தான்."

வேன் டிரைவருக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை. வண்டி ஹாரன் கெட்டுப்போன நாளிலிருந்து அவன் தொண்டையாலேயே கத்தி வழி விலக்கிக்கொண்டிருந்தான்.

"ஆறு வருஷத்துக்குக் கணக்குப் போடுங்க. அஞ்சு மணிக்குள்ள லேபர் ஆபீஸ்ல பட்டியல் குடுக்கணும்."

"போட வேண்டாம்மா."

"ஏன்?"

"பணிக்கொடைக்குத் தொடர்ச்சியா அஞ்சு வருஷம் வேணும். நடுவுல ஐம்பத்து மூணு நாள் ஆப்சென்ட். லீவு லெட்டர்கூட இல்லை. அதனால அந்த வருஷம் சட்டம் கேக்கற இருநூத்து நாப்பது நாள் தேறலை, சர்வீஸ் அறுந்துபோச்சு. திரும்பி வந்த நாள்லேருந்து எண்ணினா மூணு வருஷம்கூட ஆகலை." கணக்காளர் குரலைத் தணித்துக்கொண்டார். "சட்டம் உங்க பக்கம். அவருக்கே இது தெரியாது. வயித்துல பால் வார்த்த மாதிரி நினைச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவள் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தாள். நீல மையில் வரிசையாகப் பெருக்கல் குறிகள். அவள் கையாலேயே போட்டவை.

அந்த ஐம்பத்து மூன்று நாளும் அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான், சாகக் கிடந்த அவள் கணவரின் கட்டிலோரம். அனுப்பியதே அவள்தான். வேறு யார் தொட்டாலும் கணவர் கத்துவார். தூக்கி உட்கார வைத்ததும், துடைத்துவிட்டதும் அவன். பட்டறைக்கு வராதவனை வந்ததாக எழுதினால் தப்பு என்று அவளுக்கு ஒரு நேர்மை. குறி போட்டுவிட்டு, சம்பளத்தை வீட்டுப் பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தாள். அந்த நேர்மைதான் இப்போது அவன் கழுத்தில் விழுந்திருந்தது.

கையில் இருப்பதை அவனுக்குக் கொடுத்தால் அவளிடம் ஒரு மாத வாடகைகூட நிற்காது. அந்த வேன் மட்டும் இருக்கும். திங்கட்கிழமையிலிருந்து ஒரு ஹோட்டலுக்குக் காய்கறி ஏற்றிக் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தாள். அதுவும் கையில் இருந்த பணம் அவன் கணக்கில் பாதிக்குத்தான் வந்தது.

மீதிக்குக் கடன் கேட்டுக் கணவரின் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஒருத்தருக்குக் குடுக்காம விட்டா என்ன அண்ணி? உங்களுக்கென்ன தலையெழுத்தா?"

"உங்க அண்ணனுக்கு எல்லாம் அள்ளிப் போட்டவன், தம்பி."

"அதுக்குத்தான் சம்பளம் குடுத்தீங்களே."

"நீங்க எத்தனை நாள் வந்தீங்க ஆஸ்பத்திரிக்கு?"

"அண்ணி... இங்க சிக்னல் சரியில்ல."

போனை வைக்கும்போதே வாசலில் ஹாரனின் குரல். "என்னம்மா, என் பேர் பட்டியல்ல இருக்கா? வீட்டுக்காரி எல்லாத்தையும் செலவு பண்ணி முடிச்சுட்டா, பணம் வர்றதுதான் பாக்கி!"

கணக்காளர் சிரித்தார். அவளுக்கு உதடு ஒத்துழைக்கவில்லை.

"போய் வண்டியைத் துடைப்பா. நல்லா பளபளன்னு இருக்கணும்."

அவன் போனதும் பேனாவை எடுத்தாள்.

"எழுதிட்டா திரும்ப எடுக்க முடியாதும்மா," என்றார் கணக்காளர். "அஞ்சு நிமிஷம் யோசிங்க."

"அஞ்சு நிமிஷம் யோசிச்சா எழுதமாட்டேன்."

குறிகளுக்குக் கீழே எழுதினாள்: 'இந்த ஐம்பத்து மூன்று நாளும் என் உத்தரவின் பேரில் வேலையில் இருந்தார்.' கையெழுத்து, தேதி. பிறகு, வேனை முன்பே விலை கேட்டிருந்த வியாபாரியைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கே பணம் வேணும்னா அந்த விலை கிடையாதும்மா."

"தெரியும். சொல்லுங்க."

வியாபாரி சொன்ன தொகையைக் கணக்காளர் கையிருப்போடு காகிதத்தில் கூட்டிப் பார்த்தார். ஹாரனுக்குச் சரியாக இருந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை.

மூன்றரை மணிக்கு வேன் கிளம்பியது. ஓட்டியவன் ஹாரன். பக்கத்தில் அவள், மடியில் வண்டிக் காகிதங்கள். ஒருத்தருக்கு இன்றைக்கே பணம் கொடுக்க வேண்டும், அதற்காக வேனை விற்கிறேன் என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தாள்.

"பைத்தியமாம்மா உங்களுக்கு? கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இப்பதான் ஓட்ட வந்துச்சு, இப்பப் போய் விக்கிறீங்க! திங்கட்கிழமை காய்கறிய தலையில சுமப்பீங்களா?"

"ரோட்டைப் பாரு."

"ஏய் சைக்கிள்! ஒதுங்கு, ஒதுங்கு!" ஜன்னலுக்கு வெளியே கத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினான். கோபத்தில் கண் கலங்கியிருந்தது. "யாரும்மா அது, இப்படிக் கழுத்தைப் பிடிக்கிறவன்? ஒரு பொம்பளை பொழைப்பைப் பிடுங்கித் தின்ன எப்படி மனசு வருது? ஆளைக் காட்டுங்க, நான் போய்ப் பேசறேன்."

அவள் காகிதங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த முக்குல வலது பக்கம் திரும்புப்பா. நேரமாச்சு."